சாக்கடையில் போகும் சூடு யார் வீட்டுக் காசு?

"வெந்நீரூற்று இருப்பது கன்னியாவில், நுவரெலியாவில் அல்ல. இதுகூடத் தெரியாமல் பேச வந்துவிட்டார்." குளித்தபின் சாக்கடையில் போகும் வெந்நீரின் சூட்டை, ஜப்பானின் வெந்நீரூற்று ஊர்களைப் போல நாமும் மீட்கலாமே என்று விடுதிக்காரர் கூட்டத்தில் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில் இது. காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிரிப்புச் சத்தத்தில் நான் சொல்லவந்தது யார் காதிலும் விழவில்லை.

கன்னியா திருகோணமலைப் பக்கம் என்று எனக்குத் தெரியும். மற்ற வெந்நீரூற்றுகளான மகாஓயாவும் மகாபெலஸ்ஸவும்கூட மலையகத்தில் இல்லை என்பதும் தெரியும். நான் கேட்டது, குளித்தபின் வெளியே ஓடும் சூட்டை ஏன் விட்டுவிடுகிறோம் என்பதைத்தான். ஜப்பானின் குசாட்சுவில் 90 பாகையைத் தாண்டிய வெந்நீர் மண்ணுக்கடியிலிருந்து தானாக வருகிறது. விறகுச் செலவில்லை. அப்படியிருந்தும் அந்தச் சூட்டை வெப்பமாற்றியில் (இரண்டு நீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் கருவி) எடுத்துக் குழாய்த் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். வீதிப் பனியை உருக்குகிறார்கள். குளியல் தொட்டியில் வழிந்தோடும் நீரின் சூட்டையும் வெப்பப் பம்பி (குறைந்த சூட்டை இழுத்துக் கூடிய சூடாக்கும் இயந்திரம்) வைத்து மீட்கும் விடுதிகள் அந்த நாட்டில் உண்டு. சும்மா வந்த சூட்டையே அவர்கள் விடுவதில்லை. நாமோ காசு கொடுத்து விறகும் டீசலும் எரித்து, அப்படியே சாக்கடையில் விடுகிறோம்.

15 பாகையில் இருக்கும் 100 லீற்றர் தண்ணீரை 40 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 அலகு மின்சாரம் வேண்டும். இதில் ஒரு பங்கை மீட்க, குளித்த நீர் இறங்கும் செங்குத்தான வடிகுழாயின் வெளிப்புறம் செப்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, உள்ளே வரும் குளிர்நீரை அதன் வழியே விட்டால் போதும், மோட்டார்கூட வேண்டாம். ஒருவர் ஷவரில் குளிக்கும்போதே அந்தச் சூடு திரும்பிவரும். குளிர்நீர் 20 பாகைக்கு ஏறினாலே ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் சோறு வடித்தபின் தணலை அணைக்க அம்மா விடமாட்டார். கரிபிடித்த அலுமினியச் சட்டியில் தண்ணீர் நிரப்பி அதன்மேல் ஏற்றிவிடுவார். கொழுந்து மலையில் அட்டை கடித்த காலை அந்த வெந்நீரில்தான் கழுவுவார். இரத்தம் நிற்காமல் வடிந்துகொண்டே இருக்கும். "விறகு சும்மாவா வருகிறது?" என்று எங்களைக் கேட்பார்.

சோப்பு அழுக்குக் குழாயை அடைக்கும் என்கிறார்கள். இரண்டு தண்ணீரும் கலப்பதே இல்லையே, எப்படி அடைக்கும்? சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கிறதாம். நாட்கணக்கில் மூடுபனி இறங்கும்போது அது எங்கே போகும்? பழைய பங்களாவில் சுவரை உடைக்க வேண்டும், செலவு அதிகம் என்பது உண்மை. புதிதாகக் கட்டுகிறவர்களாவது செய்யலாமே. 2022இல் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் தவித்தது அதற்குள் மறந்துவிட்டதா?

என்னைச் சுட்டது இவையெல்லாம் இல்லை. "தோட்டத்து ஆளுக்கு விடுதி நடத்துவதைப் பற்றி என்ன தெரியும்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். விடிய நான்கு மணிக்கு எழும்பி, ஈர விறகைச் சுமந்து பொயிலரைப் பற்றவைக்கிறவன் எங்கள் தோட்டத்துப் பிள்ளை. புகையில் கண் எரிய நிற்கிறவனும் அவன்தான். உங்கள் விருந்தினர் குளிக்கும் ஒவ்வொரு வாளி வெந்நீரும் எங்கள் தோளில் ஏறி வந்தது. எங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

என் கணக்கு பிழையென்றால் உங்கள் கணக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். நான் பிறந்த இடத்தை இழுக்காதீர்கள்.