சாலி ஹெர்னாண்டஸ் மீறியது எந்தச் சட்டத்தை?

“டெக்சாஸின் ட்ராவிஸ் கவுண்டி ஷெரீஃப் 2017இல் கூட்டாட்சிச் சட்டத்தை மீறினார், அதனால்தான் ஆளுநர் நிதியை நிறுத்தினார்” என்று மேலே நண்பர் எழுதியிருப்பது தவறு. படிப்பவர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன். அந்த ஷெரீஃப், அதாவது உள்ளூர் காவலுக்கும் சிறைக்கும் பொறுப்பாளர், சாலி ஹெர்னாண்டஸ். குடியேற்றத் துறை கேட்கும் எல்லாரையும் சிறையில் பிடித்துவைக்க முடியாது என்று அவர் சொன்னதுதான் விவகாரம்.

அமெரிக்க மத்திய (கூட்டாட்சி) அரசின் குடியேற்றத் துறை இதற்காகச் சிறைக்கு அனுப்பும் படிவம் நீதிபதியின் வாரண்ட் அல்ல. விடுதலையாக வேண்டியவரை மேலும் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள் என்ற கோரிக்கை, அவ்வளவுதான். அதற்கு உள்ளூர் சிறைகள் கட்டுப்பட வேண்டியதில்லை என்று 2014இலேயே ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹெர்னாண்டஸும் எல்லாக் கோரிக்கைகளையும் தள்ளவில்லை. கொலை, கடுமையான பாலியல் குற்றம் போன்ற வழக்குகளிலும், நீதிபதியின் வாரண்ட் இருந்தாலும் ஒத்துழைப்பதாகவே அறிவித்தார்.

சரி, ஆளுநர் அபாட் சுமார் 15 லட்சம் டாலர் மாநில நிதியை நிறுத்தியது உண்மை. ஆனால் அந்தக் கோரிக்கைகளைக் கட்டாயமாக்கிய மாநிலச் சட்டமான எஸ்பி 4இல் அவர் கையெழுத்திட்டது அதற்குப் பிறகு, மே மாதத்தில்தான். ஏற்கெனவே கட்டாயம் என்றால் புதுச் சட்டம் எதற்கு? 2018இல் வேறொரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் எஸ்பி 4இன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஆகவே டெக்சாஸில் இப்போது ஷெரீஃப் மறுத்தால் சட்டமீறல்தான், மாநிலச் சட்டத்தின்படி. கலிஃபோர்னியாவிலோ 2018 முதல் மாநிலமே அந்தக் கோரிக்கையை மட்டும் வைத்து யாரையும் பிடித்துவைக்கக் கூடாது என்கிறது.