உவர்மலை வீடும் ஒற்றைக் கையெழுத்தும்

இந்தக் கிழமை முழுக்க திருகோணமலை உவர்மலை வீட்டு விஷயத்தைத்தான் எல்லாரும் கதைக்கிறீர்கள். கலியாணம் முடிக்காமல் ஒரு பெடியனும் ஒரு பெண்பிள்ளையும் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான், வாடகை நிலுவை, அந்தப் பிள்ளையின் சாமான் கேட்டுக்கு வெளியே. அந்தச் சாமானின் படத்தைப் பகிர்ந்து, “கலியாணம் முடிக்காததுகளுக்கு வீடு கொடுத்தால் இப்படித்தான்” என்று எழுதுகிறீர்கள்.

இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால்தான் இப்படி. வீட்டுக்காரர் பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதியைக்கூட வாங்கவில்லை. இப்போது வாடகையை மட்டும் அவளிடம் கேட்கிறார். எந்தக் கணக்கில்?

இரண்டு பேர் குடியிருந்தால் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். “கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு” என்று ஒரு வரி எழுதுவியுங்கள். அது இருந்தால் ஒருவர் போனாலும் மற்றவரிடம் முழு வாடகையையும் கேட்கலாம். இல்லாவிட்டால் ‘என் பங்கு பாதிதான்’ என்று வாதாட இடமுண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு. இலங்கையில் 1840ஆம் ஆண்டுச் சட்டம் இது. வீட்டில் இருந்து முத்திரை ஒட்டி எழுதிக்கொள்வது போதாது. அப்புறம், ஒருவர் இடையில் போனால் முற்பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கலியாணம் முடிக்காதவர்களுக்கு அந்தத் தாளை விட்டால் வேறு பிடி இல்லை.

பாலையூற்றில் சித்தியின் வீட்டில் இருந்தவர்கள் முறைப்படி கலியாணம் முடித்த குடும்பம். தாலி, சாமிப்படம் எல்லாம் பார்த்துத்தான் சித்தி திறப்பைக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு பார்த்தால், கரண்ட் பில் சிவப்பு நோட்டீசோடு கேட்டில் செருகியிருந்தது, குசினிக் குழாயையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். “அவர்தானே கையெழுத்து வைத்தவர்” என்றார் மனைவி. அன்று ஒருவரும் கலாசாரம் கதைக்கவில்லை.

“உன் வீட்டைக் கொடுப்பியா?” கொடுப்பேன், இரண்டு கையெழுத்தோடு. “அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் இருக்கின்றன.” சரி, விருப்பமில்லாவிட்டால் முதலே கொடுக்காதீர்கள். மாதாமாதம் காசை வாங்கிவிட்டுப் பிறகு ஒழுக்கம் கேட்காதீர்கள். 18 வயது தாண்டிய ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பது இந்த நாட்டில் குற்றமில்லை. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் சாமானைத் தூக்கி வெளியே வைப்பதுதான் பிழை.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். நனைந்த மெத்தையைப் படம் பிடித்த நேரத்தில் அதை ஒரு பக்கம் பிடித்து உள்ளே வைத்திருக்கலாம். அன்றிரவு அவள் எங்கே படுத்தாள் என்று ஒருவராவது கேட்டீர்களா? முற்பணத்தில் பாதி அவளுடைய சம்பளக் காசு. இன்னும் வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். படங்களையும் அழியுங்கள்.