இரும்புக்காரர் போகாத வண்டி

வன்னியில் பற்றைக்குள் ஒரு உழவு இயந்திரம் கிடந்தால் போதும், மூன்று கதை முளைத்துவிடும். இழுவைப் பெட்டிக்கு அடியில் தங்கம் புதைத்திருக்காம். இரவில் எஞ்சின் ஸ்ராட் ஆகும் சத்தம் கேட்குமாம். மரம் அதைத் தூக்கிக்கொண்டே வளர்ந்ததாம். தங்கக் கதையை நம்பி நீதிமன்ற அனுமதியோடு பெக்கோ இறக்கிக் கிண்டியது முல்லைத்தீவில் ஒருமுறை இருமுறை அல்ல.

மரக்கதையை முதலில் முடிப்போம். மரம் உயர்வது நுனியில். அடிமரம் பருக்கும், மேலே போகாது. அஞ்சடி உயரத்தில் அடித்த ஆணி முப்பது வருசம் போனாலும் அஞ்சடியில்தான் நிற்கும். பொனற்றுக்குள்ளால் வேம்பு வந்திருந்தால், விதை கீழே விழுந்து இடைவெளி பார்த்து ஏறியிருக்கிறது. பருக்கும்போது தகட்டை நெளிக்கும், இரும்பைப் பட்டையால் மூடும். அவ்வளவுதான்.

எரிந்த வண்டியா, கறள் (துரு) தின்ற வண்டியா என்பதுதான் முக்கியம். தூரத்தில் இரண்டும் ஒரே நிறம். கிட்டப் பார்த்தால், எரிந்ததின் றிம்மில் மெல்லிய கம்பி வளையம் தொங்கும். அது ரயருக்குள் இருந்த கம்பி. ரயரைக் கழற்றிக்கொண்டு போனவர் கம்பியை விட்டுப் போயிருக்க மாட்டார். லொறியின் ஸ்பிரிங் தகடுகள் தட்டையாய்க் குந்தியிருந்தால், சூட்டில் பதம் இழந்தவை. எஞ்சினுக்குக் கீழே மண்ணோடு ஒட்டி, சிந்தி உறைந்த கஞ்சி மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி கிடக்கும். வெள்ளி இல்லை, அலுமினியம். 660 பாகை செல்சியஸில் உருகி ஓடியது. வார்ப்பிரும்புக்கு 1,100 பாகைக்கு மேல் வேண்டும், அதனால் எஞ்சின் பிளாக் மட்டும் நின்றுவிடும். ஓட்டையையும் பாருங்கள். துப்பாக்கிச் சன்னம் துளைத்து உள்ளே போன இடத்தில் தகடு உள்ளே மடிந்திருக்கும். கறள் ஓட்டையின் விளிம்பு அப்பளம் மாதிரி நொறுங்கும்.

கார்புரேற்றருக்குப் பக்கத்தில் சின்னப் போத்தலும் சேலைன் குழாயும் கட்டிய மோட்டார் சைக்கிள் கிடைத்தால், அது வடக்குக்குப் பெற்றோல் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் ஓடியது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குக்குள்ளால் இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். அப்படி ஓடிய எஞ்சின்களைப் பிரித்தால் சிலிண்டர் தேய்ந்திருப்பது அதனால்தான், சாபத்தால் இல்லை.

கைவிட்ட வண்டியில் கழற்றும் வரிசை ஒன்று உண்டு. முதலில் பற்றரி. பிறகு பித்தளைக்கும் செம்புக்குமாக றேடியேற்றர். அடுத்தது ஸ்ராட்டரும் வயரும். றேடியேற்றரோடு முழுசாய் நிற்கும் வண்டியைக் கண்டு மகிழாதீர்கள். பழைய இரும்பு எடுக்கும் இரும்புக்காரரே போகாத இடம் என்றால் காரணம் அநேகமாக நிலத்துக்குள் இருக்கிறது. மிதிவெடி எச்சரிக்கைக்கான சிவப்பு மண்டையோட்டுப் பலகை விழுந்து மூடுபட்டிருக்கலாம். வந்த தடத்தாலேயே திரும்பிப் போய் பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அறிவியுங்கள். பேயை விட மிதிவெடிக்குப் பொறுமை அதிகம்.

போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் ஏன் அத்தனை வண்டி என்று தெற்கிலிருந்து பார்க்க வருபவர்கள் கேட்பார்கள். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. 2009இல் சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் வீட்டையே ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர்ந்தது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். கடைசியில் வட்டுவாகல் பாலத்தை நடந்துதான் கடந்தார்கள். வண்டிகள் பின்னால் நின்றுபோயின.

அதே கரையில் கிடந்த பெரிய கப்பலைப் புலிகளின் ஆயுதக் கப்பல் என்று சொல்லிப் படம் எடுத்தவர்களும் உண்டு. அது ஃபரா 3, ஜோர்தான் கப்பல். 2006 டிசம்பரில் 14,000 தொன் அரிசியோடு இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போகும் வழியில் எஞ்சின் பழுதாகி ஒதுங்கியது.

ஆனையிறவில் ஒரு புல்டோசர் இருக்கிறது. இரும்புத் தகடு ஒட்டி, 1991 யூலையில் இராணுவ முகாமை உடைக்கப் புலிகள் கொண்டுவந்தது. அதைத் தடுத்து இறந்த சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவாக ஏ-9 வீதி ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் ஒரு வண்டிக்குப் பெயரும் திகதியும் பலகையும், மற்றதெல்லாம் கிலோக் கணக்கில் பழைய இரும்பு என்பது எனக்கு ஏற்காது. அவற்றுக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள். பதிவுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போன குடும்பங்கள் இன்னும் அதை வைத்திருக்கின்றன.

ஆகவே இரும்புக்கடை வளவுக்கு வந்துவிட்ட வண்டியிலாவது, காஸ் வெட்டு விழ முன் இலக்கத்தை எடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஹான்டில் கழுத்தில் சேசி இலக்கம் அடித்திருக்கும். உழவு இயந்திரத்தில் தகட்டுச் சின்னம் உதிர்ந்தாலும் எஞ்சின் பிளாக்கில் அடித்த இலக்கம் தங்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு வயர் பிரஷால் மெதுவாய்த் தேயுங்கள். கிரைண்டர் வேண்டாம், இலக்கமே போய்விடும். காய்ந்ததும் சோக்குக்கட்டியைக் குறுக்காகத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். படம் எடுங்கள், மேலே தாள் வைத்துப் பென்சிலாலும் உரசி எடுங்கள். கறளுக்குள் 3உம் 8உம் ஒரே மாதிரித் தெரியும். சந்தேகமென்றால் இரண்டையும் எழுதி வையுங்கள்.