9.49

போன வாரம் பிராக்டிகல் வகுப்பில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி ரெக்கார்டு நோட்டோடு என் மேசைப் பக்கம் வந்து தயங்கி நின்றாள். தனி ஊசல் சோதனை: நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, நூலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். புத்தகத்தில் இருப்பது 9.8. புவியீர்ப்பு முடுக்கம் அவளுக்கு 9.49 என்று வந்திருக்கிறது. "மிஸ், அடிச்சிட்டு 9.8னு போட்டுடவா?" என்றாள்.

அவள் பெஞ்சில் மற்ற நாலு பேருக்கும் 9.8 கச்சிதமாக வந்திருந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். விடையை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னால் நடந்து அலைவு நேரத்தைப் போட்டிருப்பார்கள். நானும் அதைச் செய்தவள்தான். கல்லூரியில் எனக்கு 9.6 வந்தபோது, "தப்பு, 9.8 வரணும்" என்று சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார் ஆசிரியர். எங்கே தப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் ரீடிங்கை எல்லாம் திருத்தினேன், முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பக்கத்தை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது. என் கண் பார்த்ததை, என் கை அளந்ததை, ஒரு அச்சிட்ட எண்ணுக்காக நானே அழித்தேன்.

அந்த 9.8 தான் என்ன? அது ஒரு முழுமையாக்கிய எண். கடலூரில் உண்மையான மதிப்பு 9.78. துருவத்தில் 9.83. பூமி சுழல்வதும், நடுவில் சற்றுப் புடைத்திருப்பதும்தான் காரணம். அந்தப் புடைப்பை உலகத்துக்கு முதலில் காட்டிக் கொடுத்ததே "தப்பான" விடை சொன்ன ஒரு ஊசல் என்பதை எத்தனை வகுப்பறையில் சொல்கிறோம்?

1672ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், தென் அமெரிக்காவின் கயென் தீவில் இருந்தார். பாரிஸில் வினாடிக்குச் சரியாக ஆடிய ஊசல் அங்கே மெதுவாக ஆடியது. சரிசெய்ய அதன் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்ட வேண்டியிருந்தது. ஒரு முறை அளந்து விட்டுவிடவில்லை மனிதர். மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்தார். ஊர் திரும்பிச் சொன்னபோது பெரிய தலைகள் சில சந்தேகப்பட்டன: வெயிலில் உலோகம் நீண்டிருக்கும், அளவில் பிசகியிருக்கும் என்றார்கள். 1687ல் நியூட்டன் அதே மூன்று மில்லிமீட்டர் சமாச்சாரத்தை, நடுக்கோட்டருகே ஈர்ப்பு குறைவு, பூமி முழு உருண்டை இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்து வைத்தார். பாரிஸ் பெரியவர்களின் முகம் கோணக்கூடாது என்று ரிஷே அதை அடித்துத் திருத்தியிருந்தால்?

ஐரோப்பாக்காரன் சந்தேகப்பட்டான், நாம் கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வரவில்லை. நம் பக்கத்துப் புதுச்சேரியிலேயே கதை இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை (எண்களைச் சொற்களில் அடக்கிய சூத்திரங்கள்) கொண்டே 1825ஆம் ஆண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதமில்லை, தொலைநோக்கி இல்லை. கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் வித்தியாசம். இதே மரபில், 1765ஆம் ஆண்டு கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று போட்ட கணக்கில் 41 வினாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் கொண்டாடப்பட்ட வானியலாளர் தோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 வினாடி கூட்டிச் சொன்னது. இதை எழுதி வைத்தவர், சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல்.

பெருமைப்பட வேண்டிய விஷயம், படுகிறேன். ஆனால் என் கண்ணில் படும் பெருமைப் பதிவுகளில் 41 வினாடி இருக்கிறது, 52 நிமிடம் இல்லை. அதுவும் ரீடிங்கை அடிக்கிற வேலைதான். அந்தச் சோழிக்காரர் தன் குரு சொன்னதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். அந்த விசுவாசம் இல்லாவிட்டால் வித்தையே வாரன் காலம் வரை வந்திருக்காது. இல்லாமல் போனது, அந்த 52 நிமிடத்தை எழுதி வைத்து, வாக்கியத்தை எங்கே திருத்தலாம் என்று கேட்கிற இடம்தான்.

கேட்டவர்களும் இருந்தார்கள். கேரளத்து வானியலாளர் பரமேஸ்வரர் பல ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்து, பழைய கணக்கோடு ஒட்டாததைக் கண்டு, 1431ல் புது முறை வகுத்தார். அதன் பெயர் திருக்கணிதம். திருக் என்றால் பார்வை. கண்ணால் கண்டதோடு ஒத்துப்போக வேண்டிய கணிதம். ஆறு நூறு ஆண்டு கழித்தும் 2023ல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரியில், திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பரில். ராசியின் எல்லை மனிதன் போட்ட கோடு, அதில் இரண்டு கருத்து இருக்கட்டும். சனி எங்கே நிற்கிறது என்பதை யாரும் பார்த்து அளக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ விஞ்ஞானி சொல்றதையும் நம்பாதீங்க" என்று யாராவது பின்னூட்டம் இடுவார்கள். அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2012 ஏப்ரல் 11, சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். எங்கள் கரைக்கும் எச்சரிக்கை வந்தது. 2004 சுனாமியில் எங்கள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் பறிகொடுத்தவர்கள் நாங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. மறுநாளே, "எல்லாம் சும்மா பயங்காட்டுறானுங்க" என்று பேச்சு. எங்கள் சித்தப்பாவே சொன்னார். நான் அவரோடு சண்டை போட்டேன். அன்று பூமியின் பாறைகள் பக்கவாட்டில் வழுக்கின, 2004 போலக் கடலடியை மேலே தூக்கவில்லை. அதனால் பெரிய அலை எழும்பவில்லை. நடந்த பிறகு இதைத் தோண்டித் துருவிக் கேட்பது சந்தேகம். எச்சரிக்கை மணி அடிக்கும்போது ஒரு கருவியையும் பார்க்காமல், ஒரு கணக்கும் போடாமல், "எனக்குத் தெரியும்" என்று கரையில் உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ரிஷே சந்தேகத்துக்குப் பல மாத உழைப்பைக் கொடுத்தார். பரமேஸ்வரர் ஆயுளையே கொடுத்தார். ஃபார்வேர்டு பண்ணுகிறவர் என்ன கொடுக்கிறார்?

அந்தப் பெண்ணை 9.49ஐ அடித்துத் திருத்த விடவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, ஊசலை மறுபடி தொங்கவிட்டோம். 20 அலைவுக்கு 31.6 வினாடி, அதில் தப்பில்லை. நூலை மட்டும் 60 சென்டிமீட்டர் அளந்திருக்கிறாள். குண்டின் கொக்கியையும் ஆரத்தையும் சேர்க்கவில்லை, 1.7 சென்டிமீட்டர். சேர்த்துப் போட்டால் 9.76. ஸ்டாப்வாட்சில் 0.1 வினாடி பிசகினாலே விடை 0.06 நகரும் என்று காட்டினேன். அவளே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ இது சரியா மிஸ்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் நாலு நீளங்களுக்கு எடுத்துக்கொண்டு வா, பேசலாம் என்றேன்.

9.49 ரெக்கார்டில் அப்படியே இருக்கிறது, கீழே காரணத்தோடு. தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் வந்து கேட்டால் பக்கத்தில் நான் நிற்பேன்.