வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போடுபவர்கள்

பிராந்திய வளர்ச்சித் திட்டம் என்று எந்த அரசு அறிவித்தாலும் நான் முதலில் தொகையைப் பார்ப்பதில்லை. முடிவெடுக்கும் குழுவில் உள்ளூர்க்காரர்களுக்கு வாக்கு உண்டா என்றுதான் தேடுவேன். 'உள்ளூர்ப் பங்குதாரர்களுடன் இணைந்து' என்ற வரி எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. கூட்டத்துக்கு அழைத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதற்கும் அதே பெயர்தான்.

தெற்கு இத்தாலியை முன்னேற்ற அந்நாட்டு அரசு 1950இல் தனி நிதியமே தொடங்கியது. பாசனம், குடிநீர், சாலை என்று தொடக்க ஆண்டுகளில் நல்ல வேலை நடந்தது. அதை மறுக்க மாட்டேன். பிறகு அரசின் கவனம் தரந்தோ எஃகு ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் என்று பிரம்மாண்டத்தின் பக்கம் போனது. சுற்றியிருந்த சிறு தொழில்களோடு அவற்றுக்குப் பெரிய கொடுக்கல் வாங்கல் இல்லை. 'பாலைவனத்துப் பேராலயங்கள்' என்று இத்தாலியர்களே கேலி பேசினார்கள்.

ஜப்பானின் ஒய்தா மாகாணத்தில் கதை வேறு. அங்கே ஒயாமா என்ற மலைக்கிராமம், நெல்லுக்குத் தோதில்லாத நிலம். நாடே நெல்லைப் பெருக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1961இல் அவர்கள் பிளம் மரமும் கஷ்கொட்டையும் நடத் தீர்மானித்தார்கள். 'பிளம், கஷ்கொட்டை நட்டு ஹவாய்க்குப் போவோம்' என்பது முழக்கம். (அடிக்கல் நாட்டு விழாக்களில் இவ்வளவு நேர்மையான முழக்கத்தை நான் கேட்டதே இல்லை.) 1979இல் ஆளுநர் மொரிஹிகோ ஹிராமட்சு, இப்படிப்பட்ட முயற்சிகளை முன்மாதிரியாக வைத்து 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கத்தை மாகாணம் முழுவதும் தொடங்கினார். தயாரிப்பாளர்கள் கையில் மானியத்தைத் திணிக்கவில்லை. தொழில்நுட்ப ஆய்வு, பயிற்சி, விற்பனைக்கு வழி ஆகியவற்றை அரசு பார்த்துக்கொண்டது. எதை விளைவிப்பது, எதைச் செய்வது என்பது ஊரின் பாடு.

அதற்காக உள்ளூர் என்றாலே புனிதம் என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் உள்ளூர்க் குழு என்பது ஊர்ப் பெரிய மனிதர், அவருடைய மைத்துனர், இருவருக்கும் வேண்டிய ஒப்பந்ததாரர். ஊரக வளர்ச்சிக்காக ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் தொடங்கிய லீடர் திட்டம் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. அதன் 2014–2020 காலத்து விதிப்படி, உள்ளூர்ச் செயற்குழுவில் அரசுத் தரப்போ வேறு எந்த ஒரு தரப்போ 49 சதவீதத்துக்கு மேல் வாக்கு வைத்திருக்கக் கூடாது. எனக்குப் பிடித்த விதி இது. அதிகாரியும் தனியாக ஆட முடியாது, பெரிய மனிதரும் ஆட முடியாது.

இப்படிக் கூடிப் பேசி, சண்டை போட்டு, சின்னத் தொகைக்கெல்லாம் விண்ணப்பம் எழுதுவதில் ஆண்டுகள் ஓடும் என்பது உண்மைதான். திறப்பு விழாவுக்குத் தேதி கேட்கும் அமைச்சருக்கு அது நிச்சயம் பிடிக்காது.