வேட்டையா, குறட்டையா?

அந்தப் படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வேட்டைக்குப் போன இடத்தில் என் நண்பர் எடுத்துப் போட்ட படம். மரத்தடியில் மல்லாந்து கிடப்பது நான்தான். முகத்தின் மேல் தொப்பி. அதையும் மீறி வாய் திறந்திருப்பது தெரிகிறது. காலணிகளைக் கழற்றி வைத்திருக்கிறேன். இடது காலுறையில் ஓட்டை, அதன் வழியே பெருவிரல். மேலே ‘வேட்டையா, குறட்டையா?’ என்று ஒரு வரி. இயைபு நன்றாகவே விழுந்திருக்கிறது, மறுக்கவில்லை. முதல் பத்து நிமிடம் நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் கீழே வந்து விழுந்தவற்றைப் படித்தேன். ‘இவரை நம்பியா துப்பாக்கி கொடுத்தார்கள்?’ ‘மான்கள் வந்து போர்த்திவிட்டுப் போயிருக்கும்.’ ‘தூங்குவதற்கு வீட்டில் கட்டில் இல்லையா?’ இதெல்லாம் போகட்டும். ஒருவர் ‘பொறுப்பில்லாத்தனம்’ என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். கூட நான்கு வரி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஒற்றைச் சொல் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் தூங்குகிறவன் எழுதுவது அல்லவா, அவசரம் எதற்கு?

சொல்ல வந்தது ஒன்றுதான். வேட்டை நாளில் நண்பகல் தூக்கமும் வேட்டைதான்.

வேட்டைக்குப் போயிராதவர்களுக்காக அந்த நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். வெளிச்சம் வருவதற்கு முன்பே, கிளை முறியாமல், இருமாமல், போக வேண்டிய இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். மான் அந்தி சந்தி நேரத்துப் பிராணி. விடியும்போதும் பொழுது சாயும்போதும்தான் அதிகம் நடமாடும். பத்து, பத்தரை ஆனால் நிழலும் மறைவும் உள்ள இடமாகப் பார்த்துப் படுத்து அசைபோட ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரித்தான் படுக்கும். பின்னால் வருபவனை மூக்கு பார்த்துக்கொள்ளும், முன்னால் வருபவனைக் கண் பார்த்துக்கொள்ளும். இந்த நிலையில் இருக்கிற ஒரு பிராணியை நோக்கிக் காய்ந்த சருகில் நடந்து போவதற்குப் பெயர்தான் சுறுசுறுப்பா?

இன்னொன்று, காற்று. சரிவான காட்டில் விடிகாலையில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். வெயில் ஏற ஏற அதே காற்று சூடாகி மேலே ஏறத் தொடங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே முடியாது, சுழன்று சுழன்று அடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து நடந்தால் உங்கள் வியர்வை வாசம் காடு முழுக்க விநியோகமாகிவிடும். சாயங்காலம் மான் வர வேண்டிய பாதையை மத்தியானமே நாறடித்துவிட்டு, ஆறு மணிக்கு ‘ஒன்றையும் காணோமே’ என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் படுத்துக் கிடந்தேன். என் வாசமும் என்னோடு அந்த மரத்தடியிலேயே கிடந்தது. நண்பகல் தூக்கமும் வேட்டைதான் என்பது இதனால்தான்.

சரி, ‘பொறுப்பு’ என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மணிக்கு எழுந்தவன் இரவு எட்டு மணிக்குக் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறான். எண்ணிப் பாருங்கள், 17 மணி நேரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடைய அளவுக்குத் தடுமாறும் என்று 1997-லேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். குடித்துவிட்டுத் துப்பாக்கி எடுத்துவந்தால் நீங்கள் யாரும் சும்மா இருக்க மாட்டீர்கள், இருக்கவும் கூடாது. ஆனால் அதே நிலையில், தூக்கம் சொக்குகிற கண்ணோடு, அரை இருட்டில் விசையில் விரல் வைப்பவரை மட்டும் ‘அடேயப்பா, என்ன உழைப்பு’ என்கிறீர்கள். நாசா நீண்ட தூர விமானிகளை வைத்துச் செய்த ஆய்வில், சராசரியாக 26 நிமிடம் தூங்கியவர்களின் விழிப்பு நிலை 54 சதவீதமும் செயல்திறன் 34 சதவீதமும் கூடியதாகக் கணக்கிட்டார்கள். விமானி தூங்கினால் அறிவியல், நான் தூங்கினால் நகைச்சுவை.

நானும் ஒரு காலத்தில் தூங்காத வீரனாகத்தான் இருந்தேன். மரத்தில் கட்டிய பரண், பதினைந்தடி உயரம் இருக்கும். விடியற்காலையிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற வீம்பு. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் மடியில் பிளாஸ்க் இருந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, மார்பில் பட்டை சுரீரென்று இறுக்கியதும், நான் பரணுக்கு வெளியே பாதி உடம்போடு சாய்ந்து தொங்கியதும்தான். பிளாஸ்க் கீழே விழுந்து, ஒரு வேரில் மோதி, மூடி தனியாக, குடுவை தனியாக உருண்டுகொண்டிருந்தது. மூடி ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, யோசித்து, பிறகு சாய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கத் தைரியம் இல்லை. உடம்பைச் சுற்றிய அந்தப் பாதுகாப்புப் பட்டையை அன்று சோம்பல்பட்டு மாட்டாமல் விட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. உங்களுக்கும் ஒரு தொல்லை மிச்சமாகியிருக்கும்.

தூக்கம் உங்களிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. நீங்களாகத் தரையில் படுத்துத் தூங்குகிறீர்களா, அதுவாக உங்களைப் பரணில் வைத்துத் தூங்கச் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெரியவர். இப்போது இல்லை. பதினொரு மணி ஆனால் பரணிலிருந்து இறங்கிவிடுவார். துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணுவார். எது இல்லாமல் துப்பாக்கி வெடிக்காதோ அந்தப் போல்ட்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் போடுவார். ஆரஞ்சு நிற மேலங்கியைப் போட்டபடியே படுப்பார். போதாதென்று இன்னொரு ஆரஞ்சுத் துணியை மரத்தின் மறுபக்கத்தில் கட்டுவார், பின்னாலிருந்து வருகிறவனுக்கும் இங்கே ஆள் இருப்பது தெரிய வேண்டுமாம். மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிகிற மாதிரிப் பளிச்சென்று தெரியாது, மனிதனுக்கு மட்டும்தான் தெரியும். ‘முதலில் துப்பாக்கியைத் தூங்க வை, அப்புறம் நீ தூங்கு’ என்பார். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. கோழித்தூக்கம். எழுந்ததும் துப்பாக்கியைத் தொட மாட்டார். முகம் கழுவி, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து, மந்தம் முழுதாகத் தெளிந்த பிறகுதான் போல்ட்டை வெளியே எடுப்பார்.

இப்போது அந்தப் படத்துக்குத் திரும்பவும் வாருங்கள். என் தலைக்கு மேலே மரத்தில் கட்டியிருந்த ஆரஞ்சுத் துணி படத்தில் இல்லை. பக்கத்தில் போல்ட் இல்லாமல் கிடந்த துப்பாக்கி இல்லை. இரண்டையும் வெட்டி எறிந்தாகிவிட்டது. காலுறை ஓட்டை மட்டும் பத்திரமாக இருக்கிறது. எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று எடுத்தவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பதினோரு வருடப் பழக்கம். என்னை எழுப்பிவிட்டுச் சிரித்திருக்கலாம்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன், கேட்பீர்கள் என்று தெரியும்.

‘கூடல் பருவத்தில் கிடாக்கள் பட்டப்பகலிலும் பெண் மானைத் தேடி அலையுமே, அதைத் தவறவிட மாட்டாயா?’ அலையும். உண்மைதான். தவறவிடுவேன். எத்தனையோ தவறவிட்டிருக்கிறேன், அதில் இதுவும் ஒன்று. மேலே போகலாம்.

‘ஆதி வேட்டைக்காரன் பகலில் தூங்கினானா?’ இதைக் கேட்டவர் கொஞ்சம் படித்தவர். தான்சானியாவின் ஹட்ஸா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களின் தூக்கத்தை அளந்து 2015-ல் வெளியான ஆய்வை நீட்டினார். அதில் பகல் தூக்கம் குளிர்காலத்தில் 7 சதவீத நாட்களுக்கும் குறைவு, கோடையில் 22 சதவீத நாட்களுக்கும் குறைவு. அவர் சொன்னது சரி. ஆனால் கோடைக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து நாளைக்கு ஒரு நாள் வருகிறதே ஐயா? நான் வருடத்துக்கு ஏழெட்டு நாள்தான் காட்டில் இருக்கிறேன். மிச்ச நாளெல்லாம் அலுவலகத்தில் கண்ணைப் பிடித்து விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நான் அவர்களைவிடக் குறைவாகத்தான் பகலில் தூங்குகிறேன். தவிர, அவர்கள் யாரும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வேட்டைக்கு வந்தவர்கள் அல்ல.

உண்ணி, எறும்பு, பாம்பு? கீழே விரிப்பு போடுகிறேன், எழுந்ததும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

‘கொல்வதே பாவம், இதில் தூக்கம் வேறா?’ என்பவர்களுக்கு: நான் உரிமம் வாங்கி, சட்டம் அனுமதிக்கிற இடத்தில், அனுமதிக்கிற பருவத்தில் போகிறவன். அந்த விவாதம் வேறு, தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கணக்குப்படி பார்த்தால்கூட நான் தூங்குகிற அரை மணி நேரமாவது புண்ணியம்தானே, நீங்கள் ஏன் சிரித்தீர்கள்?

ஒரு நாள் அப்படித் தூங்கி, தானாகவே கண் விழித்தேன். தொப்பியின் விளிம்புக்கு அடியில் நான்கு கால்கள். பன்னிரண்டடி இருக்கும். பெண் மான், பின்னால் குட்டி. காற்று அவற்றின் பக்கமிருந்து என் பக்கம் வீசிக்கொண்டிருந்ததால் நான் இருப்பதே தெரியவில்லை. தாய் ஒரு காதை மட்டும் திருப்பியது, கடிகார முள் மாதிரி, மெதுவாக. குட்டி என் காலணியை மோந்து பார்க்க வந்து, பாதியில் நின்றுவிட்டது. மூக்கு ஈரமாக இருந்தது, அதில் ஒரு சின்ன இலைத் துணுக்கு. நான் மூச்சை எப்படி விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. போல்ட் சட்டைப் பையில், இதயத்துக்கு மேலே, திக்திக்கென்று இடித்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டும் போய்விட்டன. காடு முழுக்கத் தேடி நடந்த எந்த மத்தியானத்திலும் ஒரு மானை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. இதை யாராவது படம் எடுத்தீர்களா?

எனக்கு உண்மையில் புரியாதது, தூங்குகிற மனிதனைப் பார்த்தால் நமக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்பதுதான். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை ஓய்வெடுக்கும், அதற்கு ராஜா என்று பட்டம். மனிதன் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் கும்பகர்ணன்.

என் அப்பா இரவு ஷிஃப்ட் பார்த்தவர். காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார். அம்மா ஜன்னலில் கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, எங்களைச் சத்தம் போடாமல் விளையாடச் சொல்வாள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: ‘எப்போ வந்தாலும் தூக்கம்தானா?’ சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கொஞ்ச நாளில் அப்பா, வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டாலே எழுந்துவிட ஆரம்பித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, சிவந்த கண்ணோடு நாற்காலியில் உட்கார்ந்து, விழித்திருப்பதாகக் காட்டிக்கொள்வார். அவர்கள் போன பிறகு மறுபடி படுத்தாலும் தூக்கம் வராது. நகைச்சுவைக்குச் சொன்னவர்கள் இன்றைக்கு அதை மறந்திருப்பார்கள். ‘சும்மா ஜாலிக்குப் போட்டேன்டா, இதற்குப் போய்க் கோபப்படுகிறாயே’ என்று நண்பர் அனுப்பியிருந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் வந்தது. இதற்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.

கடைசியாக, படத்துக்கு வெளியே நடந்தது. எடுத்தவர் அன்று மத்தியானம் முழுக்க நடந்தார். இரண்டு சரிவு ஏறி இறங்கினார். ஒன்றையும் பார்க்கவில்லை. சாயங்காலம் நானும் ஒன்றையும் சுடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டியபின் வண்டியை நான்தான் ஓட்டினேன். புறப்பட்ட கால் மணியில் அவர் பக்கத்து இருக்கையில், கண்ணாடியில் தலை சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிவிட்டார். வீடு வரும் வரை எழுப்பவில்லை. கைபேசி என் பையில்தான் இருந்தது.

அப்புறம், தலைக்கு வைத்திருந்தது என்ன என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்ட ஒரே ஒருவருக்கு: அது என் மழைக்கோட்டு. சுருட்டி அதன் உறைக்குள்ளேயே திணித்துவிட்டால் நல்ல தலையணை. உறையின் ஜிப் பக்கம் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் கன்னத்தில் அச்சு விழும்.