அப்பா என் போனைக் கட் பண்ணினார்

போன மாதம் அப்பா ஒரு வீடியோ அனுப்பினார். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசுகிறார். அதே குரல், அதே சேலைக்கட்டு. 21,000 ரூபாய் போட்டால் மாதாமாதம் லட்சக்கணக்கில் வருமாம். கீழே அப்பா கேட்டிருந்தார்: "கவர்ன்மென்ட் ஸ்கீம்தானே, போட்டுடலாமா?"

நாற்பது வருஷம் கணக்கு எழுதிய மனுஷன். தெருவில் எவனாவது வந்து இதையே சொல்லியிருந்தால் வாசலோடு விரட்டியிருப்பார். அமைச்சர் முகம் வந்ததும் கணக்கு மறந்துவிட்டது.

இந்த மாதிரி வீடியோக்கள் ஏஐ வைத்துச் செய்த போலி என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி பல தடவை சொல்லிவிட்டது. சச்சினையும் விடவில்லை. தன் முகத்தை வைத்து ஒரு கேம் ஆப்புக்கு விளம்பரம் ஓடுவதாக 2024 ஜனவரியில் அவரே எச்சரிக்க வேண்டியிருந்தது.

இதற்கு மருந்தாக வரும் ஃபார்வர்டுகள்தான் எனக்கு எரிச்சல். கண் சிமிட்டுகிறாரா பார், உதடு ஒட்டுகிறதா பார், விரலை எண்ணு! கையகல ஸ்கிரீனில், வாட்ஸ்அப் நசுக்கித் தந்த வீடியோவில், கண்புரை ஆபரேஷன் ஆனவர் எந்த உதட்டைப் பார்ப்பார்? நானே தோற்றுப்போவேன்.

ஹாங்காங்கில் அரூப் என்ற பெரிய பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி ஒரு மெயில் வந்தது. அவர் சந்தேகப்படத்தான் செய்தார். அப்புறம் வீடியோ மீட்டிங்கில் நிதித் தலைவரையும் கூட வேலை செய்கிறவர்களையும் கண்ணால் பார்த்தார். சந்தேகம் போயிற்று, 15 தடவையாக 20 கோடி ஹாங்காங் டாலரும் போயிற்று. அந்த மீட்டிங்கில் நிஜமான ஆள் அவர் ஒருவர்தான். மெயிலோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பார்!

2023-ல் கோழிக்கோட்டில் ரிட்டயர்டு ஆன ஒருவருக்குப் பழைய சகஊழியரின் முகத்தோடு வாட்ஸ்அப் வீடியோ கால். உறவினருக்கு ஆபரேஷன், அவசரம். 40,000 அனுப்பிவிட்டார். மறுபடியும் 35,000 கேட்டபோதுதான் உறைத்தது. உதட்டசைவை அவர் ஆராயவில்லை. அந்த நண்பருக்கே நேரடியாகப் போன் போட்டார், குட்டு உடைந்தது. உடனே புகார் கொடுத்ததால் பணமும் திரும்பக் கிடைத்தது. இந்த மாதிரி மோசடிக்குப் புகார் சொல்லும் நம்பர் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்னால் முடக்கினால்தான் உண்டு, அதனால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே அடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வைத்திருப்பது ஒரே பழக்கம். யார் முகத்தோடு வந்து பணம் கேட்டாலும் கட் பண்ணு. உன் போனில் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு நீயே கூப்பிடு. கூடவே வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி. அமைச்சர் வீடியோவுக்கு அதுவும் தேவையில்லை, எந்த அமைச்சரும் வாட்ஸ்அப்பில் லிங்க் கொடுத்து முதலீடு வாங்குவதில்லை.

போன ஞாயிறு கடையில் என் ஜிபே வேலை செய்யவில்லை. அப்பாவுக்கு வீடியோ காலில், "ஒரு 2,000 போடுங்கப்பா" என்றேன். டொக்கென்று கட் பண்ணினார். கடைக்காரர் என்னையே பார்க்கிறார். அரை நிமிஷத்தில் அப்பாவே கூப்பிட்டார்.

"நம்ம பழைய பசு மாட்டுக்கு என்ன பேரு?"

"செவலைப்பா."

"எந்தக் கொம்பு உடைஞ்சது?"

பின்னால் வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள். எனக்கு மறந்துபோயிருந்தது.